பார்சல் எடுக்கப் போய்த் தவறணை எடுத்த கதை

மாசி மாசம், ஒரு சனிக்கிழமை. எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. பார்சல் எடுக்கிறது.

அடுத்த நாள் மச்சாளின்ர மகளுக்குக் கலியாணம். நான் கட்டப்போற சீலை அந்தப் பார்சலுக்குள்ள. கொண்டந்த பெடியன், வீட்டில ஆக்கள் இல்லை எண்டு அதைத் தெரு மூலையில இருக்கிற க்னைப்பவில குடுத்திட்டுப் போட்டான். க்னைப்ப எண்டால் எங்கட பாஷையில தவறணைதான், குடிக்கிற இடம்.

டோர்ட்மண்டில இவ்வளவு காலம் இருக்கிறன், அந்தக் கதவை நான் திறந்ததே இல்லை. "நீங்கள் போய் எடுத்துக்கொண்டு வாங்கோவன்" எண்டு என்ர மனுசனிட்டக் கேட்டன். தான் தவறணைக்குள்ள போறதை ஆரும் தமிழாக்கள் கண்டால் கதை வருமாம். நான் போனால் வராதாம்!

சரியெண்டு போனன்.

உள்ளுக்கு அரை இருட்டு. சன்னலோர மேசையில வயசான மனுசர் நாலுபேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவை. கவுண்டருக்குப் பின்னால முதலாளியம்மா ஹெல்கா. என்னைக் கண்ட உடன நாலுபேரும் சீட்டைக் கவிட்டு வச்சிட்டு எழும்பி நிண்டிச்சினம்.

"நீங்கள்தானே எடுக்க வாறது?" எண்டு ஹெல்கா கேட்டா.

"ஓம், நான்தான்."

"உண்மையாவே எடுக்கிறீங்களோ?"

"எடுக்கத்தானே வந்தனான்" எண்டு அடையாள அட்டையை நீட்டினன்.

அவ அதைப் பாக்கவேயில்லை. கவுண்டரைச் சுத்திக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சா.

ஜெர்மன்காரர் பார்சலுக்குக் கட்டிப்பிடிக்கிறேல்லை. அந்த இடத்திலயே எனக்கு விளங்கியிருக்கவேணும். விளங்கேல்லை.

நாலுபேரில ஆக உயரமானவர் மன்ஃப்ரெட். அவர் என்னைப் பிடிச்சு இருத்திப்போட்டு அந்தத் தவறணையின்ர கதையைத் தொடங்கினார். இரும்பாலை ஓடின காலத்தில, வேலை முடிஞ்ச சங்கு ஊத முதலே கிளாசுகளை நிரப்பி வரிசையா வச்சிருப்பினமாம். உள்ளுக்கு நிக்க இடமில்லாமல் ஆக்கள் றோட்டில நிண்டு குடிப்பினமாம். அவர் தன்ர மனுசியைக் கண்டதும் இஞ்சதானாம். அவ தேப்பனை வீட்டை இழுத்துக்கொண்டு போக வந்தவவாம். தேப்பன் போகேல்லையாம், மன்ஃப்ரெட் அவவோட போட்டாராம்.

ஆலை மூடின அண்டைக்கு எல்லாரும் இந்த மேசையைச் சுத்தி விடியுமட்டும் இருந்தவையாம். பிறகு ஆக்கள் குறைஞ்சு, உள்ளுக்குப் புகை பிடிக்கேலாதெண்டு சட்டம் வந்து புகை பிடிக்கிறவை வெளியில போய், ஹெல்காவின்ர முழங்காலும் பழுதாகி, இப்ப மிச்சம் இந்த நாலுபேர்தான்.

நானும் இரக்கப்பட்டு "ஓம், ஓம்" எண்டு தலையாட்டிக்கொண்டிருந்தன். மேசையை மாத்தமாட்டீங்கள்தானே எண்டு கேட்டினம். ஓம் எண்டன். சனிக்கிழமையில திறப்பீங்கள்தானே எண்டு கேட்டினம். அதுக்கும் ஓம்.

ஹெல்கா ஏப்ரனைக் கொண்டந்து என்ர இடுப்பில கட்டினா. "முதல் பியரைப் புது முதலாளி தன்ர கையால ஊத்தவேணும். இஞ்சத்த வழக்கம்."

அப்பதான் எனக்கு மண்டையில ஏறிச்சுது. சனிக்கிழமை ஒரு பொம்பிளை வந்து கடையை எடுப்பா எண்டு கட்டடச் சொந்தக்காரர் இவைக்குச் சொல்லியிருக்கிறார். இவை பார்த்துக்கொண்டு இருக்க, நான் வந்து நிண்டிருக்கிறன்.

சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன். மன்ஃப்ரெட் சந்தோசத்தில மூக்கைச் சிந்திக்கொண்டு நிண்டார். வாயை மூடினன். ஒரு கிளாஸ் ஊத்திப்போட்டுச் சொல்லுவம்.

குழாயை இழுத்தன். பியர் வரேல்லை, நுரைதான் வந்தது. கிளாஸ் நிரம்பி, கவுண்டர் நிரம்பி, என்ர சப்பாத்தும் நிரம்பிச்சுது. நாலுபேரும் கை தட்டிச்சினம்.

அந்த நேரம் பார்த்து மனுசன் போன் எடுத்தார். "எங்க நிக்கிறீர்?"

"தவறணையில பியர் ஊத்துறன்."

"பார்சல் கிடைச்சுதோ?" எண்டார்.

பதில் சொல்ல முதல் கதவு திறந்துது. அளவு நாடாவோட ஒரு பொம்பிளை வந்தா. ஆருக்கும் வணக்கம் இல்லை. நேரே சுவரை அளந்தா, கவுண்டரை அளந்தா, பிறகு சன்னலோர மேசையைக் காட்டி, "இது முதல்ல வெளியில போகவேணும்" எண்டா.

எனக்கு எங்கயிருந்து கோபம் வந்ததெண்டு தெரியாது. "அது ஏலாது!" எண்டு கத்திப்போட்டன். நுரை சொட்டச் சொட்ட, ஏப்ரனோட நிண்டு, சங்கு ஊதினது, ஆலை மூடினது, மன்ஃப்ரெட்டின்ர மாமனார் வீட்டை போகாதது எல்லாத்தையும் அந்த இடத்திலயே பிறந்து வளர்ந்தவள் மாதிரிக் கொட்டித் தீர்த்தன்.

அவ நாடாவைச் சுருட்டினா. "நீங்கள் ஆர்?"

"இவதான் புது முதலாளி" எண்டு ஹெல்கா பெருமையாச் சொன்னா.

"புது முதலாளி நான். ஒப்பந்தம் எழுதியாச்சு. பேர் சோன்யா."

எல்லாரும் என்னைப் பார்த்திச்சினம்.

"நான் பார்சல் எடுக்க வந்தனான்" எண்டன்.

முதல் சிரிச்சது ஹெல்கா. சிரிச்சுச் சிரிச்சு, முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு கதிரையில இருந்திட்டா. மன்ஃப்ரெட் சிரிக்கேல்லை. என்ன கடை போடப்போறீங்கள் எண்டு சோன்யாவைக் கேட்டார்.

நகத்துக்குப் பூச்சுப் பூசி அலங்காரம் செய்யிற கடையாம்.

ஆரோ இறந்த வீடு மாதிரி நாலுபேரும் மேசையில போய் இருந்திச்சினம். சோன்யா அவையைப் பார்த்தா, மேசையைப் பார்த்தா, கடைசியா நுரைக்குள்ள நிக்கிற என்னைப் பார்த்தா. "வாற ஆக்கள் காத்திருக்க ஒரு மேசை வேணும்தான்" எண்டு இழுத்தா.

அது போதும். மன்ஃப்ரெட் அழுதார், இந்த முறை சத்தமா.

கவுண்டருக்குக் கீழ கிடந்த பார்சலும் நுரையில ஊறிப்போச்சுது, காய வச்சும் சீலையில பியர் மணம் போகேல்லை. கலியாணவீட்டில மச்சாள் என்னைக் கட்டிப்பிடிச்சவ, மூக்கைச் சுருக்கிப்போட்டு என்ர மனுசனை ஒரு பார்வை பார்த்தா. கதை வந்தது அவருக்குத்தான்.

இப்ப அந்த இடத்தில நகக்கடை ஓடுது. ஹெல்கா கதிரையில இருந்தபடி வாற ஆக்களுக்கு எத்தினை மணிக்கு வாறதெண்டு டெர்மீன் எழுதிக் குடுக்கிறா. நாலுபேரும் சன்னலோரத்தில சீட்டு விளையாடுகினம். சும்மா இருக்கிற நேரத்தில சோன்யா அவையின்ர கையைப் பிடிச்சுப் புது டிசைன் பழகுறா.

மன்ஃப்ரெட்டின்ர நகம் இப்ப என்ர நகத்தைவிட வடிவு.