லண்டனா, ஹைதராபாத்தா?

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மானுடவியலில் முனைவர் பட்டம் படிக்க இந்துப்ரியாவுக்கு லண்டன், ஹைதராபாத் என்று இரண்டு இடத்திலும் சீட்டு கிடைத்துத் தொலைத்திருந்தது.

கவலை அவளுக்கில்லை, அப்பா ஹரிநாராயணனுக்கு. ஹைதராபாத் என்றால் நினைத்தபோது ரயிலேறிப் போய்ப் பார்க்கலாம். லண்டன் என்றால் பிள்ளை போனது போனதுதான்.

இவ்வளவுக்கும் காரணம் அவரேதான். சின்ன வயதில், தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் கூட்டத்தில் அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு, "இவங்க ஏம்ப்பா தண்ணி பீச்சுறாங்க? அவங்க ஏம்ப்பா மொட்டை போட்டுருக்காங்க?" என்று அவர் காதைத் திருகித் திருகிக் கேட்பாள். அவரும் வாய்க்கு வந்த கதையை அளந்துவிடுவார். அந்தக் கேள்விகள்தான் இப்போது முனைவர் பட்டம் வரை வந்து நின்றன.

"விசாரிக்காம எப்படிக் கொடுக்குறது?" என்றார் மனைவியிடம்.

"கட்டியா கொடுக்குறோம்? படிக்கத்தானே அனுப்புறோம்," என்றாள் சீதாலட்சுமி.

"எல்லாம் ஒண்ணுதான். வருசக்கணக்கா அந்த லண்டன் பேராசிரியைகிட்டத்தானே இருக்கப்போகுது."

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லையா? அந்த வழக்கப்படி, லண்டன் பேராசிரியையிடம் படிக்கும் ஸ்ரீராம்குமார் என்ற பையனின் வாட்ஸப் எண்ணை மகளுக்குத் தெரியாமல் எடுத்து, மொட்டைமாடியிலிருந்து அழைத்தார். ஒரு குறையாவது அகப்படாதா என்ற நப்பாசைதான்.

"தம்பி, அந்தம்மா எப்படி? கோபம் வருமா?"

"தங்கமானவங்க சார். நமக்குக் காய்ச்சல்னா ரசம் வச்சுக் கொடுப்பாங்க."

ஹரிநாராயணனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அப்பப்ப ஊருக்கு வந்து போவீங்களா?"

"எங்க சார். திருநெல்வேலிக்குப் போயே ஒரு வருசமாச்சு. ஆராய்ச்சி விட மாட்டேங்குது."

இது போதுமே. விறுவிறுவென்று கீழே இறங்கி மகளிடம் ஒப்பித்தார்.

அந்த வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை என்றால் மட்டும் தமிழ். இந்துப்ரியா தமிழில் ஆரம்பித்தாள்.

"யாரைக் கேட்டு ஃபோன் பண்ணுனீங்க? என் மானமே போச்சு."

சமாளிக்க மறுபடியும் பையனை அழைத்து, "நான் விசாரிச்சதை மேடத்துகிட்டச் சொல்லிராதீங்க தம்பி," என்று கெஞ்சினார். அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தான். அன்றைக்கே பேராசிரியையிடமிருந்து இந்துவுக்கு மின்னஞ்சல் வந்தது. உன் அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, நீ கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அடக் கடவுளே என்று தலையில் கைவைத்தவர், வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். நாற்காலியில் சாய்ந்து நெஞ்சைத் தடவினார்.

"பிபி ஏறிப்போச்சும்மா. நீ அம்புட்டு தூரம் போனா, திரும்பி வாரப்ப நான் இருக்கேனோ என்னமோ."

"இப்பத்தானே அப்பளம் இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னீங்க?" என்றாள் சீதாலட்சுமி.

மகள் மடிக்கணினியைத் திறந்தாள். பிறகு சௌராஷ்டிரத்தில், மெதுவாகச் சொன்னாள். "சரிப்பா. ஹைதராபாத்துக்கே போறேன்."

லண்டனுக்கு வரவில்லை என்று அவர் கண்ணெதிரிலேயே எழுதியும் அனுப்பினாள். ஹரிநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட பிள்ளை! அப்பனுக்காக லண்டனையே விட்டுவிட்டாளே என்று அன்று முழுக்க அவருக்குக் குற்ற உணர்ச்சி குடைந்தது.

மறுநாள் காலை அவள் கம்பளிச் சட்டை வாங்கக் கடைக்குக் கிளம்பினாள். ஹைதராபாத்தில் எதற்கு என்றார். ஏசி அறையாம்.

அவள் போன கொஞ்ச நேரத்தில், வெயிலில் கறுத்துப்போன ஓர் இளைஞன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"ஸ்ரீராம்குமார் சார். ஃபோன்ல பேசுனீங்களே. இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போகலாம்னு."

"லண்டன்ல இருந்து எப்ப வந்தீங்க தம்பி?"

"இந்தா பக்கத்துல இருக்குற கொட்டாம்பட்டியில இருந்துல்ல வாரேன். ரெண்டு வருசமா அங்கதான் தங்கி விவசாயிகளைப் பத்தி ஆராய்ச்சி. காலேஜ் எங்க இருந்தா என்ன சார், ஆராய்ச்சி எங்கயோ அங்கதான நாங்க இருக்கணும்."

ஹரிநாராயணன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அப்ப எங்க இந்துவுக்கு?"

"அவங்களுக்கு மேடம் ஆராய்ச்சிக்குக் கொடுத்தது உங்க சௌராஷ்டிரத் தெருதான். ரெண்டு வருசம் வீட்டுலயே இருக்கச் சொல்றாங்களேன்னு பயந்துதான் சார், அவங்க ஹைதராபாத்துல சேர்ந்து, ஆராய்ச்சிக்கு அருணாச்சலப் பிரதேச மலைக்குப் போறாங்க."