உடைந்து தொலையாத கொக்கி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். சுகமில்லாதது எங்கள் தொழில் ஒன்றுதான். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாரும் எப்படி? எங்களுக்காக மாடி அறையைக் காலி பண்ணி, சுவருக்கு வெள்ளை அடித்து, கட்டிலும் வாங்கிப் போட்டிருக்கிறாயாம். உன் மனசு யாருக்கு வரும்! ஆனால் நாங்கள் வருகிற தேதியைக் கேட்டு எழுதியிருந்தாய் பார், அங்கேதான் சிக்கல். கடையை மூட முடியவில்லை. காரணம் யார் என்று கேட்காதே. உன் அத்தான்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை உன் வீட்டுக்காரியும் படிப்பாள். அவள் இன்னமும் நாங்கள் ஜன்னல் கொக்கி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா தாயே, இது பொம்மை ரயில் கொக்கி! (பொம்மை என்று சொன்னால் வாங்குகிறவர்களுக்கு ரோஷம் வந்துவிடும், மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும்.) ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு சேர்க்கிற, நகக்கண் அளவுப் பித்தளைக் கொக்கி. அவர் தகட்டை மிஷினில் வைத்து வெட்டுவார், நான் இடுக்கியால் ஸ்பிரிங் மாட்டுவேன். தும்மல் வந்தால் அன்றைய வேலை தரையில். இதில் ஒரு விசேஷம்: ஊரில் எல்லாக் கொக்கியும் வலது பக்கம் வளையும், எங்களுடையது இடது பக்கம் வளையும். என் மாமனார் முதல் அச்சை வெட்டும்போது இடம் வலம் மாறிப்போச்சு, அவ்வளவுதான். மனுஷன் தப்பை ஒத்துக்கொள்வாரா? "இது தனி ரகம்" என்று ஒரே போடாகப் போட்டு விற்றுவிட்டார். எங்கள் கொக்கி எங்கள் கொக்கியோடுதான் சேரும், வேறு யாரோடும் சேராது. குடும்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான், அதை விடு.

போன வருஷம் சக்கரம் செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பி கடையைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு, கடுகு அளவு இலை ஒட்டி மரம் செய்த அம்மாவும் மகளும் விட்டுவிட்டார்கள். சிக்னல் விளக்குக்காரர் படுத்த படுக்கை, அவர் பிள்ளைகளுக்கு அதில் ஆசையில்லை. எல்லாரும் எங்களைப் போல வீட்டுக்குள்ளேயே, சமையலறைக்குப் பக்கத்து அறையில் மிஷினைப் போட்டுப் பிழைத்தவர்கள். "சக்கரமே இல்லாத பெட்டிக்குக் கொக்கி எதுக்கு?" என்றார் உன் அத்தான். சரியான பேச்சுதானே? ரயில் பத்திரிகையில் அவரே விளம்பரம் கொடுத்தார்: எங்கள் தயாரிப்பு இத்துடன் நிற்கிறது, ஆதரவு தந்தவர்களுக்கு நன்றி. நானும் பெட்டி படுக்கையைக் கட்ட ஆரம்பித்தேன்.

விளம்பரம் வந்த அன்றைக்கு ஆரம்பித்தது பார் போன்! சீட்டிக்காரர் என்று ஒரு வாடிக்கைக்காரர் உண்டு. எஞ்சின் மாதிரி ஒரு சீட்டி அடித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். அன்றைக்குச் சீட்டி வரவில்லை. "அம்மா, நிஜமாவா?" என்றார். "எங்கிட்ட இருக்கிறது அத்தனையும் உங்க இடது கொக்கி. இனிமே ஒரு பெட்டி வாங்கினா அது யாரோட சேரும்?" என்று, வீட்டில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காத தகப்பன் மாதிரிப் புலம்பினார். அவருக்குப் பிறகு இன்னொருத்தர், அவருக்குப் பிறகு இன்னொருத்தர். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அதைத் துடைக்கப் போய் ஸ்பிரிங் டப்பாவைத் தட்டிவிட்டு, அதைப் பெருக்கி எடுக்கிறதுக்குள்ள மறுபடி போன். எனக்கு வந்த கோபத்தில் கேட்டேவிட்டேன்: "எல்லாம் சரிங்க, நீங்க கடைசியா எங்ககிட்ட எப்ப வாங்கினீங்க?" அத்தனை பேரிடமும் கேட்டேன், தம்பி. எல்லாரும் பேச்சை மாற்றிவிட்டுப் போனை வைத்தார்கள். கடை இருக்க வேண்டுமாம், ஆனால் வாங்க மாட்டார்களாம். இது எந்த ஊர் நியாயம்?

இதற்கெல்லாம் மேலாக ஒரு பல் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி. உட்காருங்கள் என்பதற்குள் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தண்டவாளம் போட்டு, என் காலைச் சுற்றி ரயில் விட்டார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், காலடியில் சரக்கு ரயில் போகிறது! அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். மனுஷன் கீழேயிருந்து தலையை நீட்டி என்ன சொன்னார் தெரியுமா? "உங்க மாமனார் காலத்துல வாங்கினதும்மா இது. இன்னும் ஒண்ணுகூட உடையலையே, எதுக்குத் திரும்ப வாங்குறது? நான் கட்டுற பல்லு விழுது, அதனால என் கடை ஓடுது. உங்க கொக்கி உடைஞ்சு தொலைய மாட்டேங்குது."

உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக நம்மிடம் ஏதோ குறை, அதனால்தான் யாரும் திரும்ப வரவில்லை என்று நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். ஒழுங்காக வேலை செய்ததற்குத் தண்டனை இது என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், இவ்வளவு மருகியிருக்க மாட்டேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நன்றாக அழுதேன்.

அதிலிருந்து உன் அத்தான் மனசு மாறிவிட்டது. மிஷினைத் தடவிக் கொடுத்தபடி நிற்கிறார். அதை விலைக்குக் கேட்டு வந்த ஆள்கூட, இவர் போனில் என்ன உளறினாரோ, வாசலோடு திரும்பிவிட்டான். எனக்கு உன் வீட்டுக்கு எப்போது வருவோம் என்றிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள். இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது வந்து சேர்கிறேன். அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். எல்லாரும் ஒருத்தரோடொருத்தர் ஒட்டி, நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது நான், அத்தான் எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஒட்டுவதற்கு முன் படித்தேன். என்னைப் பற்றி எனக்கே தெரியாத சேதியெல்லாம் இதில் இருக்கிறது. என் மனசு மாறவில்லை. மிஷினை வாங்க வந்த ஆளிடம், "இந்த வீட்டுல மிஷினே கிடையாது, நீங்க விலாசம் மாறி வந்துட்டீங்க" என்று சொன்னது உன் அக்கா. அவனுக்கு ஓட்டிக் காட்டுவதற்காக நான் உள்ளே மிஷினை ஓட விட்டிருந்தேன். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள். சீட்டிக்காரருக்கு ஆயுசுக்கும் கொக்கி தருவதாக வாக்குக் கொடுத்தவளும் அவள்தான். உனக்கு நேராக எழுத வெட்கப்பட்டுக்கொண்டு பழியை என் தலையில் கட்டியிருக்கிறாள். ஆகவே அறையை எங்களுக்காகக் காலியாக வைத்திருக்க வேண்டாம்.

ஆனால் எனக்கு நிஜமாகவே கை ஓய்ந்துவிட்டது, மாப்பிள்ளை. அந்த டாக்டர் போன நாளிலிருந்து அவள் பாடிக்கொண்டே ஸ்பிரிங் மாட்டுகிறாள், அவளிடம் போய் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் நான் மட்டும் வந்து அந்த மாடியில் சும்மா படுத்துவிட்டுப் போகட்டுமா? வீட்டில் என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது என்றுதான் தெரியவில்லை.