உறை பிரிக்காத பொம்மை

“அப்பா, முகத்துல பிளாஸ்டிக் கவர் போட்டா மூச்சு முட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் இந்தப் பொம்மைக்கு மட்டும் ஏன் போட்டு வச்சிருக்கீங்க?”

உலகத்தின் பெரிய கேள்விகளுக்கெல்லாம் மூன்று பிரதிகளில் பதில் வைத்திருந்த ஓர் அலுவலகத்தில், ஆண்டு விழாவன்று ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டுவிட்டாள். கேட்டது தன் அப்பாவிடம். அப்பாவோ பொதுப் பாதுகாப்புப் பயிற்சிகளின் மதிப்பீட்டு அதிகாரி. தீயணைப்பு, முதலுதவி, வெள்ள மீட்பு என்று ஊர் முழுவதும் நடக்கும் பயிற்சிகளுக்கு மார்க் போட்டு, மார்க்குக்குத் தக்கபடி நிதி ஒதுக்கச் சொல்லும் மகத்தான பணி அவருடையது. தீ சொல்லாமல் வரும். மதிப்பீடு தேதி சொல்லிவிட்டு வரும். இரண்டில் எது நம்பத்தக்கது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

“அது பொம்மை, பாப்பா. அதுக்கு மூச்சு கிடையாது” என்றார் அதிகாரி.

“அப்ப அதுக்கு எதுக்கு மூச்சு கொடுக்கக் கத்துக்கறாங்க?”

அதிகாரி பாப்பாவுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அலுவலக வழக்கப்படி கேள்வி முடித்துவைக்கப்பட்டது.

அந்தப் பொம்மை சாதாரணப் பொம்மை அல்ல. நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி, நின்றுபோன உயிரைத் திருப்பிக் கொண்டுவரும் வித்தையைப் பழகுவதற்காக வாங்கப்பட்டது. ஒன்று விழா நடந்த அந்த அலுவலகத்திலேயே இருந்த தலைமைப் பயிற்சி நிலையத்துக்கு. இன்னொன்று காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்த சின்னக் கூடத்துக்கு. தலைமை நிலையம் தன் பொம்மையை வந்த உறையோடு கண்ணாடி அலமாரியில் உட்கார வைத்தது. பயிற்சிக்கு வருகிறவர்கள் அலமாரிக்கு முன் வரிசையாக நின்று, காற்றில் கையை வைத்து “பாவனையாக” அழுத்துவார்கள். பிறகு போட்டோ. பிறகு தேநீர். பிறகு சான்றிதழ்.

சந்தைக் கூடத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவருக்கு “பாவனை” என்ற உயர்ந்த தத்துவம் பிடிபடவில்லை. வந்தவர்களையெல்லாம் மண்டியிட வைத்து, “நல்லா அழுத்துங்கம்மா, பொம்மைக்கு வலிக்காது. மனுசனுக்கு வலிச்சாலும் பரவாயில்ல, உசிரோட இருந்தாத்தானே வலிக்கும்” என்பார். லாரி ஓட்டுகிறவர்கள், பள்ளி ஆசிரியைகள், சந்தைக்கு வந்து மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று ஆளாளுக்கு அழுத்தி, பொம்மையின் நெஞ்சுக்குள் இருந்த ஸ்பிரிங் ஒடிந்து, மார்பு சோற்றுத் தட்டு மாதிரிக் குழிந்துவிட்டது.

ஆய்வுக்குப் போன அதிகாரி அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார். எந்தக் குறையைக் கண்டாலும் அரை மார்க் குறைப்பதால் “அரைமார்க்” என்றே பெயர் எடுத்தவர் அவர். அன்றைக்கு அரையோடு நிறுத்த முடியவில்லை.

“என்ன சிஸ்டர் இது? அரசாங்கச் சொத்து இப்படியா கிடக்கும்?”

“உபயோகப்படுத்தினோம் சார்.”

“அதைத்தான் கேக்கறேன். எதுக்கு உபயோகப்படுத்தினீங்க? கதவுக்குப் பூட்டுகூடக் காணோமே?”

“பூட்டி வச்சா அவசரத்துக்கு யாரு சார் வருவாங்க? அடுத்த மாசம் பள்ளிக்கூட பஸ் டிரைவருங்க வராங்க. ஒரு புதுப் பொம்மை மட்டும் கிடைச்சா...”

“பொதுச் சொத்துப் பராமரிப்பு: மிக மோசம்” என்று அதிகாரி அழகான கையெழுத்தில் எழுதினார். கூடத்தின் நிதி நிறுத்தப்பட்டது. தலைமை நிலையத்துக்கு வழக்கம்போல் முழு மார்க்கும் கேடயமும் கிடைத்தன. நீதி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அதிகாரியின் தகப்பனார் நாற்காலியிலிருந்து சரிந்து கீழே விழுந்தார். மூச்சில்லை. அதிகாரி சும்மா நிற்கவில்லை. தானே முன்னுரை எழுதிய முதலுதவிக் கையேட்டைத் தேடி ஓடினார். கையேடு அகப்பட்டது. முன்னுரை மிக நீளமாக இருந்தது.

அவர் மூன்றாம் பக்கம் வருவதற்குள், அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி மாமனாரைத் தரையில் நேராகக் கிடத்தி, மண்டியிட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் ஊன்றி அழுத்தத் தொடங்கியிருந்தாள்.

“புத்தகத்தைக் கீழ போட்டுட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க” என்றாள், அழுத்துவதை நிறுத்தாமல்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. மருத்துவமனையில் டாக்டர், “அந்தம்மா அழுத்தலேன்னா பெரியவர் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். கடவுள் பல சமயம் பெரிய அற்புதங்களைச் செய்வதில்லை. யாரையாவது மழைக்கு ஒரு கூடத்தில் ஒதுங்க வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

“எங்க கத்துக்கிட்டே?” என்று கேட்டார் அதிகாரி.

“சந்தைக்குப் பின்னால, சிஸ்டர்கிட்ட. காய் வாங்கப் போனப்ப மழை பிடிச்சுக்கிச்சு. வாசல்ல நின்னவளை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சொன்னா மார்க் போடுவீங்க.” அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். “அந்தப் பொம்மை நெஞ்சு பள்ளமாப் போச்சுன்னு எழுதினீங்களாமே. அதுல என் கை போட்ட பள்ளமும் இருக்குங்க.”



திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, சந்தைக் கூடத்துக்கு ஒரு புதுப் பொம்மை வேண்டும் என்றார். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கொடுத்ததையே கெடுத்துட்டாங்க. இன்னொண்ணு கொடுத்தா அதையும் அழுத்துவாங்களே?”

“அழுத்தறதுக்குத்தான் சார் பொம்மை.”

“அப்ப தலைமை நிலையத்துல ஏன் அழுத்தல? அவங்க முட்டாளுங்களா? கேடயம் வாங்கியிருக்காங்க.”

“சார், எங்க அப்பா பிழைச்சதே அந்தக் கூடத்தாலதான்.”

“ரொம்ப சந்தோஷம். நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க.” இயக்குநர் மதிப்பீட்டுப் படிவத்தை அன்போடு தடவிக் கொடுத்தார். “ஆனா ‘பிழைத்தவர்கள்’னு இதுல ஒரு கட்டம் இருக்கா? பொம்மையோட நிலைக்கு இருக்கு, உறைக்கு இருக்கு, தேநீருக்குக்கூட இருக்கு. இல்லாத கட்டத்துல எப்படி சார் மார்க் போடறது? படிவம் யாரு தயாரிச்சது?”

படிவத்தைத் தயாரித்தவர் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் டிரைவர்கள் வருவதற்கு முந்தைய விடுமுறை நாளில், நண்பகல் வெயிலில், தலைமை நிலையத்துக்கு ஒருவர் வந்தார். மதிப்பீட்டு அதிகாரி என்ற முறையில் அலமாரிச் சாவி அவரிடம் இருந்தது. நடந்ததைத் திருட்டு என்று சொல்வது பண்பல்ல. “துறைக்குள் இடமாற்றம்” என்பதே சரி. கேடயம் வாங்கிய பொம்மை உறையைக் கழற்றிவிட்டு, காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு சந்தைக்குப் பின்னால் போயிற்று. பூட்டில்லாத கதவு தள்ளியதும் திறந்தது. புதியது உள்ளே படுத்தது. குழிந்தது காரில் ஏறிக்கொண்டது.

அலமாரிக்குத் திரும்பியதும் அவர் தன் கைக்குட்டையால் பழைய பொம்மையின் முகத்தைத் துடைத்தார். அந்தக் குழியில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு உறையை மாட்டினார். கதவைச் சாத்தப் போனவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூக்குக்கு நேரே உறையில் ஒரு சின்னத் துளை போட்டார். யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பொம்மைக்கு மேலும் பெருமை காத்திருந்தது. அடுத்த ஆண்டு நிபுணர் குழு நேரில் வந்து, அலமாரிக்கு முன் பயபக்தியோடு நின்றது. நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. “மிகச் சிறந்த நிலை” என்று ஏகமனதாக எழுதப்பட்டது. ஒரு நிபுணர் மட்டும் குனிந்து பார்த்து, “சார், உறையில ஒரு ஓட்டை இருக்கே” என்றார்.

“அப்படியா?” என்றார் அதிகாரி. “அரை மார்க் குறைச்சுக்குங்க.”