தொடக்கூடாத மேஜை

"மேஜையைத் தொடாதே!"

ஓவியர் போட்ட சத்தத்தில் மனைவியின் கையிலிருந்த துணி நழுவி வாளிக்குள் விழுந்தது. அவள் தொட வந்தது மேஜையை அல்ல, அதற்குப் பின்னால் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை. ஆனால் குழாய்க்குப் போகிற வழியை மேஜை அடைத்துக்கொண்டிருந்தது.

"குழாய் சொட்டுதுங்க."

"சொட்டட்டும்."

"காலையிலேர்ந்து ரெண்டு வாளி ரொம்பிடுச்சு."

"மூணாவது வாளியை வை."

ஆறு வாரமாக அந்த மேஜையில் ஒரு துரும்பு நகரவில்லை. பாதி குடித்த டீ டம்ளர், ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கடி கடித்த பிஸ்கட். பக்கத்தில், யாரோ அவசரமாக எழுந்ததுபோல் சாய்ந்து நின்ற நாற்காலி. ஓவியரும் மனைவியும் ஒரு கண்காட்சிக்காக வெளியூர் போயிருந்த நாளில், மத்தியானம் கண்ணயர்ந்த அப்பா எழுந்திருக்கவே இல்லை. அவர் கடைசியாக விட்டுப்போனது இவ்வளவுதான்.

ஓவியர் தள்ளுவண்டிக்காரரை வரைந்திருக்கிறார், தையல்காரரை வரைந்திருக்கிறார், மழைக்கு ஒதுங்கிய நாயைக்கூட மூன்று முறை வரைந்திருக்கிறார். "கண்ணெதிரே இருப்பதுதான் என் கலை" என்று பேட்டியெல்லாம் கொடுத்தவர். கண்ணெதிரே எழுபத்தெட்டு வயதுவரை நடமாடிய அப்பாவை மட்டும் வரையவில்லை.

"என்னை எப்படா வரையப்போறே?" என்று அப்பா கேட்பார்.

"அப்புறம்ப்பா."

சமையலறைக் குழாயைச் சரிசெய்யச் சொன்னபோதும் இதே பதில்தான். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரே யாரையோ கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டார். இப்போதுதான் அது மறுபடி சொட்டுகிறது. வரைந்துகொள்ள மட்டும் அவரால் வேறு ஆளைக் கூப்பிட முடியவில்லை. அதனால்தான் ஓவியர் இப்போது அந்த மேஜையை, அப்பா விட்டுப்போனபடியே வரைந்துகொண்டிருந்தார். இந்தப் படமாவது சரியாக வரவேண்டும், அதுவரை மேஜை இப்படியே இருக்கவேண்டும் என்று உறுதியாக இருந்தார்.

கதவோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துதான் வரைந்தார். அவர்கள் ஊரிலிருந்து திரும்பிய அன்றும் அது அங்கேதான் கிடந்தது. அதையும் அவர் நகர்த்தவில்லை, உட்கார்ந்ததோடு சரி.

முதல் வாரமே எறும்புகள் பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. ஓவியர் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, பழைய கடியின் அளவு வரும்வரை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். பதினொன்றாவது பிஸ்கட்தான் தேறியது.

"இவ்வளவு பெரிய கடியா?" என்றாள் மனைவி. "மாமாவுக்கு முன்பல்லே கிடையாதேங்க. நனைச்சுதானே சாப்பிடுவார்?"

"கடைசி நேரத்துல மனுஷனுக்கு ஒரு பலம் வரும்."

"பல்லுமா வரும்?"

துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்பதுபோல் பார்த்தார்.

டம்ளர் அச்சாக வந்துவிட்டது. அப்பா பேப்பர் படிக்க மட்டும் போடும் கண்ணாடியை அவர் அதற்குமுன் உற்றுப் பார்த்ததே இல்லை; அதன் காதுப் பக்கம் சுற்றியிருந்த கறுப்பு நூலுக்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தார். நாற்காலிதான் படியவில்லை. நான்கு முறை சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வரைந்தார்.

"எல்லாம் இருக்கு. அப்பாதான் அந்த நாற்காலியில வரமாட்டேங்கறார்" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. மனைவிக்கும் கண் கலங்கியது. குழாய் சொட்டிக்கொண்டேயிருந்தது.

சொட்டுவதை நிறுத்த முதலில் ஒரு துணியை இறுக்கிக் கட்டினார். தண்ணீர் துணிவழியே ஊர்ந்து மேஜைக் காலை நனைத்தது. அடுத்து, ஒரு ஸ்பேனரை எடுத்து வந்து ஒரு சுற்று முறுக்கினார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடிக்க, ஓவியர் பாய்ந்து குடையை எடுத்து மேஜைக்குப் பிடித்தார். தொப்பலாக நனைந்தபடி அவர் நின்ற கோலத்தைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் அடைத்தார். அந்த அடைப்பானின் பிடியும் ஒடிந்தது.

இரண்டு நாள் அவள் பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். மூன்றாம் நாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பத்து வருஷம் மாமாவுக்கு சமைச்சுப் போட்டவ நான். எனக்கும்தான் துக்கம் இருக்கு. ஆனா குளிக்கணும்ல?"

சுவர்க் காலண்டரின் மூலையில் 'குழாய்' என்று மாமனார் கையெழுத்தில் ஓர் எண் இருந்தது. அவள் அதற்குப் போன் செய்தாள்.

குழாய்க்காரர் அரை மணியில் வந்தார். பெரியவர் தவறிவிட்டார் என்று வாசலிலேயே மனைவி சொல்ல, பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். உள்ளே, ஓவியர் முக்காலியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"மேஜையைக் கொஞ்சம் ஒதுக்கணும் சார்."

"முடியாது. உடம்பை ஒடுக்கிக்கிட்டு போங்க."

குழாய்க்காரர் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தார். பாதியில் நின்றார்.

"அட, இங்கயா இருக்கு!"

மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓவியர் முக்காலியிலிருந்தே கையை நீட்டினார்.

"அது... எங்க அப்பாவோடது."

"என்னோடது சார். காதுகிட்ட கழண்டுபோச்சுன்னு நான்தான் கறுப்பு நூல் சுத்தினேன், பாருங்க. எந்த வீட்டுல விட்டேன்னு தெரியாம ஆறு வாரமா தேடறேன்."

அந்த நூலின் ஒவ்வொரு சுற்றும் ஓவியருக்கு மனப்பாடம்.

"அப்போ அந்த டீ?"

"எனக்குத்தான் சார். வேலை முடிஞ்சதும் பெரியவர் விடவே இல்ல. இந்த நாற்காலியில உக்காரவெச்சு, அவரே டீ போட்டு பிஸ்கட்டும் குடுத்தாரு. ஒரு கடி கடிச்சிருப்பேன், வேற வீட்டுல தண்ணி பீச்சுதுன்னு போன் வந்துச்சு. அப்படியே போட்டுட்டு ஓடினேன்."

ஓவியர் தன் படத்தைப் பார்த்தார். குழாய்க்காரரும் எட்டிப் பார்த்து, "ரொம்பத் தத்ரூபமா இருக்கு சார்" என்றார்.

"அப்பா டீ குடிக்கலையா?"

"இல்ல சார், பேசிக்கிட்டே இருந்தாரு. எல்லாம் உங்களப் பத்திதான். 'என் பையன் வர்றதுக்குள்ள சரியாகணும்ப்பா, அவன் வரையறப்போ சொட்டுச் சத்தம் கேக்கக் கூடாது'ன்னாரு."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓவியர் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். சாய்ந்து நின்ற நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"அவர் எங்க உக்காந்து பேசினார்?"

குழாய்க்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே சார், அந்த முக்காலியிலதான்."