ஏழு கிலோ புரட்சி

மூட்டை முடிச்சோடு பயணம் போகிறவன் அடிமை. இதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே துண்டறிக்கையில் எழுதியவன் நான். மில் போராட்டங்களில் பதினோரு முறை சிறை சென்றவன். பதினோரு முறையும் ஒரே காக்கித் துணிப்பை. என்னோடு கைதான தலைவர்கள் தலையணை, வெந்நீர் பிளாஸ்க் சகிதம் வந்தார்கள். பிறகு அவர்கள் பதவிக்குப் போனார்கள். நான் இருமலோடு ஓய்வுக்குப் போனேன். போகட்டும்.

பிறந்து நாற்பது நாளான பேத்தியைப் பார்க்க விமானத்தில் போவதென்று முடிவானதும், வீட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்.

"ஆளுக்கு ஒரு கைப்பை. ஏழு கிலோ. அதுக்கு மேல ஒரு கைக்குட்டைகூடக் கூடாது."

"சரிங்க," என்றாள் மனைவி.

எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறும் தீர்மானத்தை நம்பக் கூடாது. அனுபவம் இருந்தும் நம்பினேன்.

"என் பையை நானே அடுக்கிக்கறேன்."

"நீங்களா? பதினோரு தடவையும் அந்தக் காக்கிப் பையை அடுக்கினது யாராம்?"

"அதெல்லாம் சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்தான். ஒரு தடவை நான் சோப்பு வைக்க மறந்தேன். அதுக்கு ஜெயில்ல உண்ணாவிரதம் இருந்தீங்க."

நானே அடுக்கியதற்கு வேறு காரணம் இருந்தது. போன முறை மகள் வீட்டுக்குப் போனபோது, அவள் குடியிருப்பின் காவலாளிகளைத் திரட்டி, என் கை ஒலிபெருக்கியில் ஒரு மணி நேரம் முழங்கினேன். இரண்டு நாள் கேட் திறக்கவில்லை. மாப்பிள்ளை சுவர் ஏறிக் குதித்து வேலைக்குப் போனார். அதனால் மகள் இப்போது போனில் நிபந்தனை வைத்திருந்தாள்: "அம்மா, அந்த மைக் என் வீட்டு வாசப்படி ஏறினா, அப்பா குழந்தையை போட்டோவுலதான் பார்ப்பாரு."

கொண்டுவர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் அந்தக் காவலாளிகளுக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேர வேலைதானே? மைக்கைத் துண்டில் சுற்றி அடியில் வைத்தேன். அதன் மேல் முந்நூறு துண்டறிக்கைகள்: 'சுமப்பவன் ஒருவன், கைவீசி நடப்பவன் இன்னொருவனா?' எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லுங்கி, ஒரு சட்டை.

எடை பார்க்கத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, பேப்பர்தானே? எடைக்கே போட்டுட்டுப் போயிடுங்களேன்."

"இது சிந்தனைய்யா!"

"சிந்தனை ஆறு கிலோ தொள்ளாயிரம்ணே."

புறப்படும் நாள் காலை மனைவி என் பழைய காக்கிப் பையோடு வாசலில் நின்றாள். அது மட்டும்தான். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கே மூன்று பெட்டி எடுப்பவள்!

"அவ்வளவுதானா?"

"நீங்க சொன்னா கேக்க மாட்டேனா?"

எனக்கு மார்பு விம்மியது. நாற்பது ஆண்டுகளில் நான் முழுமையாக மாற்றிய முதல் ஆள்.

விமான நிலையத்தில் என் பை பரிசோதனை இயந்திரத்துக்குள் போய் நின்றது. அதிகாரி, ஒரு இளம்பெண், திரையை உற்றுப் பார்த்தாள்.

"ஐயா, உங்க பையா? அடியில ஏதோ கைப்பிடி வச்சு உருண்டையா தெரியுது. திறங்க."

தடியடிக்கும் பின்வாங்காதவன் ஒரு அடி பின்வாங்கினேன். பக்கத்தில் மனைவி. மைக்கை அவள் பார்த்தால் மகளுக்குத் தெரியும். பேத்தி போட்டோவோடு சரி.

"திறக்க முடியாது. இது என் உரிமை!"

"ஐயா, பின்னாடி நாப்பது பேர் நிக்கறாங்க."

"யோவ் பெருசு, திறய்யா!" என்றது கூட்டம். வாழ்நாளெல்லாம் நான் யாருக்காகப் பேசினேனோ, அதே பொதுமக்கள்.

மனைவி பக்கம் திரும்பினேன். பதினோரு சிறைவாசத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம்கூட எழுதாதவன் நான்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. மைக்கை எடுத்துட்டு வந்துட்டேன். மன்னிச்சிடு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

அதிகாரி பையைத் திறந்தாள். என் லுங்கி, சட்டை. அதன் கீழே நான்கு புடவை, குழந்தைக்குக் கவுன்கள், மனைவியின் செருப்பு, என் ரத்தக்கொதிப்பு மாத்திரை. அடியில், துண்டில் சுற்றி, கைப்பிடி வைத்த ஒரு கிலுகிலுப்பை. அதிகாரி ஆட்டிப் பார்த்தாள். கிலுகிலுத்தது.

"போலாம், ஐயா."

போன உயிர் திரும்பி வந்தது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பதினோரு விடுதலையிலும் இப்படி ஒரு நிம்மதியை நான் கண்டதில்லை.

"மைக் எங்கே?"

"கட்டிலுக்கு அடியில. நோட்டீஸும் அங்கதான். நேத்து நீங்க முடி வெட்டிக்கப் போனப்ப மாத்தினேன். பேப்பர் கடையில எடையும் பாத்துட்டேன். அதே ஆறு தொள்ளாயிரம்."

"அப்போ நான் கேட்ட மன்னிப்பு?"

"அதுக்கு எடை கிடையாது. நானே வச்சுக்கறேன்."

அவள் கைவீசி முன்னால் நடந்தாள். இருவர் சுமையையும் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

"சரி, உன் சாமான் எல்லாம் என் பையில. அந்தக் காக்கிப் பையில என்னதான் இருக்கு?"

"உங்க சோப்பு, துண்டு, பிரஷ்தான். மைக் இல்லாட்டியும் வாய் இருக்கே. அங்கயும் உங்களைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போனா, அவசரத்துக்கு நான் எங்க போய்த் தேடறது?"