நளினாம்பாள் மடத்தில் சேர்ந்த கதை

1. எங்கள் வாசகசாலையில் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் கேள்விப் போட்டி நடந்தது.
2. கடைசிக் கேள்விக்கு முன்புவரை இரண்டு அணியும் சமமாக இருந்தன.
3. கடைசிக் கேள்வி ஒரு நாவலைப் பற்றியது. மணியை முதலில் அடித்தவள் நான்.
4. என் பதில் தவறு என்றார்கள். அத்துடன் உட்கார்ந்திருக்கலாம்.
5. உட்காரவில்லை.

இந்த ஐந்தாவதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. மற்ற நான்கையும் ஊர் மறந்துவிட்டது.

நான் பிரசவம் பார்க்க முறையாகப் பயிற்சி பெற்றவள். பதறாத பெண் என்று ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர். பயிற்சியில் முதலில் சொல்லித்தந்தது, கண்டதை வரிசையாகச் சொல், சொன்னதிலிருந்து பின்வாங்காதே என்பதுதான். வலி எப்போது தொடங்கியது, தலை எப்போது தெரிந்தது, கொடி எப்படிச் சுற்றியிருந்தது. டாக்டர் முறைத்தாலும் கண்டது கண்டதுதான். பிரசவ அறைக்கு இது மிக நல்ல பழக்கம். நாவலுக்கு ஆகாது என்று யாரும் சொல்லவில்லை.

வாசகசாலை ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. பெண்கள் வரக்கூடாது என்று அங்கே எங்கும் எழுதிவைக்கவில்லை. நாம் படியேறிப் போனால் மேலே இருக்கும் ஆண்கள் எல்லாரும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். நாம் இறங்கும்வரை உட்கார மாட்டார்கள். (மரியாதை கொடுத்தே விரட்டுவதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை.)

என் தோழி மதலேன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அவளுக்கு இந்த ஏற்பாடு பொறுக்கவில்லை. வாசகசாலைத் தலைவர் முசியே சவரிநாதரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பிரெஞ்சுக் கோர்ட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதனால் ஐயா என்பதற்குப் பதில் முசியே. யார் எது பேசினாலும் சாட்சி சொல்ல வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

“எங்களுக்கும் புஸ்தகம் எடுக்க அனுமதி குடுங்க, முசியே,” என்றாள் மதலேன்.

“எதுக்குமா? அதான் வீட்டு ஆம்பளைங்க எடுத்தாந்து படிச்சுக் காட்டுறாங்களே.”

“அவங்க படிச்சுக் காட்டுறதும் நாங்களே படிக்கிறதும் ஒண்ணா?”

“ஒண்ணுதான். எழுத்து மாறிடுமா என்னா?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். “சரி, திருவிழாவுக்கு ஒரு போட்டி வச்சிடுவோம். நீங்க ஜெயிச்சா சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலை உங்களுக்கு. தோத்தா இந்தப் பேச்சு இனி கூடாது.”

மதலேன் சரி என்றாள். வரலாறு, பூகோளம், வேதாகமம் மூன்றும் அவள் பொறுப்பு. விஞ்ஞானமும் உடம்பு சம்பந்தப்பட்டதும் என் பொறுப்பு. இலக்கியத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் நாவல்கள் நிறைய ஓடுகின்றன என்பது காரணம்.

ஓடிய விதத்தைச் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்குத் துறைமுகச் சுங்கச்சாவடியில் கப்பல் சரக்கைச் சோதிக்கும் உத்தியோகம். வாசகசாலையிலிருந்து நாவலை எடுத்துவந்து தன் அலமாரியில் வைத்துப் பூட்டுவார். சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் எடுத்து, அம்மாவுக்கும் எனக்கும் சில பக்கங்கள் உரக்கப் படிப்பார். அப்பாவுக்கு நல்ல குரல். வில்லன் பேசும்போது மூக்கால் பேசுவார். அப்படித்தான் நளினாம்பாள் என்ற நாவலை அந்த வருடம் முழுவதும் கேட்டோம். மயிலாப்பூரில் பிறந்த நளினாம்பாள் ஓர் ஆர்மோனியக்காரனால் பலவிதமான துன்பங்களுக்கு ஆளாகி, கடைசியில் காரைக்காலுக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடுவாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நளினாம்பாள் மழையில் வழி தவறிய கட்டத்தில் மாதா பீடத்தில் அவளுக்காக மெழுகுவர்த்திகூட ஏற்றியிருந்தாள்.

(மயிலாப்பூரில் தினமும் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண் காரைக்காலில் எப்படிக் கன்னியாஸ்திரீ ஆனாள் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஆராய்ந்து பார்க்கும் குணம் உள்ளவள் என்று என் சான்றிதழில் எழுதியிருக்கிறது.)

திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்து ஒலிபெருக்கி வந்திருந்தது. அதன் வாயை வாசகசாலை மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். மேலே பேசுவது கீழே முழுத் தெருவுக்கும் கேட்டது. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். மாடியில் முதல் வரிசையில் அப்பா, எதிர்ப்பக்கம் பெண்கள் வரிசையில் அம்மா.

மதலேன் பிரமாதமாகப் பதில் சொன்னாள். ஆண்கள் அணியின் தலைவர் லூர்துசாமி இரண்டு நதிகளை இடம் மாற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தார். நானும் என் பங்குக்கு இரத்த ஓட்டத்தை ஒழுங்காக ஓட விட்டேன். சமமாக வந்து நின்றோம்.

“கடைசிக் கேள்வி, இலக்கியம்,” என்றார் சவரிநாதர். “நளினாம்பாள் நாவல். முடிவுல நளினாம்பாள் எங்க போறா?”

நான் அடித்த அடியில் மணியின் நாக்கு கழன்று விழுந்தது.

“காரைக்கால் கன்னியர் மடத்துக்கு.”

லூர்துசாமி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“தப்பு. மார்க் எதிரணிக்கு,” என்றார் தலைவர்.

மதலேன் என் கையைப் பிடித்து இழுத்தாள். “தெரேசு, உக்காருடி.”

நான் ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். “மன்னிக்கணும் முசியே, நீங்க கடைசிப் பக்கத்தைப் படிக்கல போலிருக்கு. வரிசையா சொல்றேன். ஒண்ணு, மடத்து வாசல்ல வேப்பமரம் இருக்கு. ரெண்டு, பெரிய மதர் அவளுக்குக் கஞ்சி குடுக்கிறாங்க. மூணு, ஆர்மோனியக்காரன் மனம் திரும்பி அந்த மடத்துக் கோவில்லயே மணி அடிக்கிற வேலைக்குச் சேர்றான்.”

வேப்பமரத்துக்குப் பின்வரிசையில் சிரித்தார்கள். கஞ்சிக்கு மாடி முழுவதும் சிரித்தது. ஆர்மோனியக்காரனுக்குக் கீழே தெருவிலிருந்தே சிரிப்பு ஏறி வந்தது. முதல் வரிசையில் அப்பா விடாமல் இருமிக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நோயாளியைக் கண்டால் கடமை வந்துவிடும்.

“எங்கப்பாவுக்கு இருமுது, யாராச்சும் தண்ணி குடுங்க,” என்று ஒலிவாங்கியிலேயே சொன்னேன். தண்ணீர் வந்தது. “சந்தேகமா இருந்தா அவரையே கேளுங்க முசியே. அவர்தான் எங்களுக்குப் படிச்சார்.”

அப்பா தண்ணீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிநாதர் சாட்சியை விட்டுவிட்டு ஆதாரத்துக்குப் போனார். அலமாரியிலிருந்து நாவலை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, நிதானமாக ஒலிபெருக்கியில் படித்தார். நளினாம்பாள் ரங்கூன் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறாள். கூந்தல் காற்றில் அவிழ்கிறது. ஆர்மோனியக்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பற்றுகிறான். அதற்குப் பின் வந்த பத்தியைத் தலைவர் பாதியில் நிறுத்தித் தொண்டையைச் செருமினார். “மேல படிங்க சாமி,” என்று தெருவிலிருந்து ஒரு மீன்காரப் பெண்ணின் குரல் கேட்டது.

பெண்கள் வரிசையில் அம்மா எழுந்து நின்றாள். அம்மா அதுவரை நாலு பேர் முன்னால் பேசியதே இல்லை.

“ஏங்க,” என்றாள் அப்பாவைப் பார்த்து, “அப்ப கஞ்சி குடுத்த மதர்?”

ஒலிவாங்கி அருகில் இருந்ததால் இந்தக் கேள்வியும் தெருவுக்குப் போய்விட்டது.

வீடு திரும்பும்போது அம்மா பூஸ் வண்டியில் ஏறி, தள்ளுகிறவனிடம் சீக்கிரம் போகச் சொல்லிவிட்டாள். நானும் அப்பாவும் பின்னால் நடந்தோம்.

“ஏன்ப்பா மாத்திப் படிச்சீங்க?”

“ஜெபமாலைய வச்ச கையோட அவளக் கப்பல்ல ஏத்தச் சொல்றியா?”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல.”

“அதான் அங்க உக்காந்து உயிர் போற மாதிரி இருமினேனே. மருத்துவம் படிச்சவ, இருமல் எது, சைகை எதுன்னு தெரியாதா உனக்கு?”

சுங்கச்சாவடிக்காரர் கப்பல் சரக்கை வீட்டு வாசலில் தடுத்ததுகூட எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அவரை ஊர் முன்னால் சாட்சிக்கு இழுத்ததுதான் உறுத்தியது. மதலேனை நினைத்தால் அதைவிட மோசமாக இருந்தது. அவள் ஒரு கேள்வியைக்கூடத் தவறவிடவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “எழுத்து மாறிடுமான்னு கேட்டாரே. மாறும்னு நீ நிரூபிச்சுட்டே. அதுக்கு மார்க் கிடையாது, அவ்வளவுதான்.” அப்புறம் திரும்பிப் பார்த்து, “ஆனா அந்த மூணாவதை நீ சொல்லாம இருந்திருக்கலாம்டி,” என்றாள்.

வீட்டில் அம்மா விசாரணையை ஆரம்பித்தாள். அதுவரை கேட்ட நாவல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, உண்மையான முடிவு என்ன என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா தயங்கித் தயங்கிச் சொல்லச் சொல்ல, எங்களுக்குத் தெரிந்த பதிவிரதைகள் பலர் ஓடிப்போனார்கள். மனம் திரும்பிய திருடர்கள் மறுபடி திருடினார்கள். நோயிலிருந்து பிழைத்தவள் என்று நாங்கள் சந்தோஷப்பட்ட ஒருத்தி செத்தே போயிருந்தாள். அவளுக்காக அம்மா அப்போது புதிதாக அழுதாள். பிறகு கையை நீட்டி அலமாரிச் சாவியைக் கேட்டாள். அப்பா கொடுத்துவிட்டார்.

அம்மா அதுவரை ஜெபப் புத்தகம் மட்டுமே படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் தொடங்கினாள். இப்போது வேகம் வந்துவிட்டது. எந்த நாவலானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுகிறாள்.

எங்கள் வீட்டில் யாராவது நடந்ததைக் கொஞ்சம் மழுப்பிச் சொன்னால், “அப்புறம் கஞ்சி குடுத்தாங்களா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. உறவினர் வீடுகளுக்கும் அது பரவிவிட்டது. போன மாதம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண் என்னை உற்றுப் பார்த்து, “அந்த மடத்தக்கா நீங்கதானே?” என்றாள். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டாள். பிரசவம் சுலபமாக முடிந்தது. அது வேறு காரணங்களால்.

இப்போதைய நிலை இது. வாசகசாலையில் பெண்களுக்கு இன்னும் இடம் இல்லை. நாவல்கள் அப்பா பெயரில் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. முதலில் அம்மா படிக்கிறாள், பிறகு நான், பிறகு மதலேன் எடுத்துப்போகிறாள். திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன்பு நேரம் மிஞ்சினால் அப்பா. நளினாம்பாள் ரங்கூனில் இருக்கிறாள்.