கட்டஞ்சாயாவில் கலக்கிய இரும்பு

அதிகம் பேசாதவனை ஊர் அறிவாளி என்று நினைத்துக்கொள்ளும். என்னையும் நினைத்தது. என் மனைவி ஸ்டெல்லா முழுகாமல் இருந்தபோது அந்தப் பேர் போயிற்று.

நான் கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டுக்காரன். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ரத்த அளவு எட்டுதான் இருந்தது. பத்துக்கு ஏறாவிட்டால் பிரசவத்துக்கு நாகர்கோவில் போக வேண்டும், ரத்தம் ஏற்றவும் வேண்டிவரும் என்றார் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸம்மா. எனக்குப் பயம் பிடித்தது. (வெளியே காட்டவில்லை. பயத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.)

மாத்திரை அவளுக்குக் குமட்டியது. அதனால் இரும்புச்சத்து சேர்த்த பவுடர் ஒன்றைச் சொன்னார்.

"தண்ணியில கலக்கிக் குடுங்க அண்ணே. கொஞ்சம் நாரங்காயும் பிழிஞ்சு விடுங்க."

வழியெல்லாம் யோசித்தேன். ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் கட்டியாக உறையும். அதை உருளையில் கொடுத்துத்தான் ரப்பர் ஷீட் அடிப்போம். நாரங்காய் என்கிற எலுமிச்சையும் புளிப்புதானே. பிள்ளை இருக்கிற வயிற்றில் போய் உறைந்தால்? நர்ஸம்மாவுக்கு ரப்பர் தெரியாது, பாவம்.

எலுமிச்சையை விட்டுவிட்டேன். பவுடரைப் பால் சேர்க்காத சூடான கட்டஞ்சாயாவில் கலக்கினேன். மை மாதிரிக் கறுத்தது. இரும்பு நன்றாக இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

"நாரங்கா எங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"வேண்டாம். உறையும்."

என் முகத்தைப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். ஒரு மாதம், தினம் இரண்டு வேளை.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏழரை.

"பவுடர் குடுத்தியளா?" என்றார் நர்ஸம்மா.

"குடுத்தேன். கட்டஞ்சாயாவுல."

"சாயாவுலயா! நாரங்கா?"

என் வாழ்நாளில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஆசிட், பால், ஷீட் எல்லாம் விளக்கினேன். வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி ஸ்டெல்லாவிடம் கேட்டாள்: "யக்கா, உனக்குப் பொறக்கப் போறது பிள்ளையா, ஷீட்டா?"

நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சாயா இரும்பப் பிடிச்சு வச்சுக்கிடும் அண்ணே, உடம்புல சேர விடாது. நாரங்காதான் சேர வைக்கும். சேக்க வேண்டியத விட்டுட்டு, விட வேண்டியதச் சேத்திருக்கிய!"

அன்றிலிருந்து தண்ணீர், பவுடர், எலுமிச்சை. மாத்திரையும் நேரம் மாற்றிக் கொடுத்தார். சாயா பக்கம் நானே போகவில்லை. ஒன்பதாம் மாதம் ரத்தம் பத்தைத் தாண்டியது. மகள் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பிறந்தாள்.

பிள்ளையைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"ஏட்டி, நர்ஸம்மா மொதல்லயே தண்ணியில கலக்கச் சொன்னது உனக்கும் கேட்டதுல்லா. பின்ன எதுக்கு அந்தச் சாயாச் சவத்தக் குடிச்ச?"

"கல்யாணம் கழிஞ்சு நீங்க எனக்காண்டி அடுப்பு பத்த வச்சதே அன்னைக்குத்தான். வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல?"

மகளுக்கு இப்போது நாலு வயது. ஞானஸ்நானத்தின்போது கோயிலில் வைத்த பேர் வேறு. வீட்டிலும் தெருவிலும் அவள் பேர் ஷீட்டு. கூப்பிட்டால் ஓடி வருகிறாள்.